காய்ந்து கிடந்த திடல்

போன மாதம் கவிதா போன் செய்தார். நகராண்மைக் கழகத்தின் வடிகால் பிரிவில், எங்கள் பேச்சில் லொங்காங் பிரிவில், முப்பத்து மூன்று வருடம் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அந்தப் பிரிவுக்குப் பொறியாளர் அவர்தான்.

"அங்கிள், ஒரு சின்ன டவுட். நம்ம குழித் திடல் இருக்குல்ல? பழைய பிளான்ல, லொங்காங்லேர்ந்து தண்ணி உள்ள வர்ற வாய்க்கு ரெண்டு பக்கமும் காடி வெட்டியிருக்கு. பலகை இறக்கி மூடுறதுக்கு. சைட்ல போய்ப் பார்த்தா காடி முழுக்க சிமெண்ட் போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. யார் அடைச்சது, ஏன் அடைச்சாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லையேம்மா" என்றேன்.

பச்சைப் பொய். அடைத்தவனே நான்தான். மண்டி போட்டு உட்கார்ந்து, என் கையாலேயே கரண்டி பிடித்துப் பூசினேன்.

"பரவால்ல லா அங்கிள், பழைய ஃபைலைத் தேடி எடுத்துடுறேன். அங்க ஆட்டோமேட்டிக் கேட் வைக்கலாம்னு பிளான். போன்லயே திறக்கலாம், மூடலாம். அடுத்த மாசம் குடியிருப்பாளர் கூட்டம் இருக்கு, அதுல எல்லாத்தையும் விளக்கணும்."

அந்தக் கோப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் என் பெயர் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு அங்கே குடியிருக்கும் சரோஜா அக்காவும் வருவார். ஏழு வருடமாக அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றை ஒரு இளம் பெண் ஒலிபெருக்கியில் படித்துவிடக்கூடும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் இதை எழுத உட்கார்ந்தேன். பேசினால் உளறிவிடுவேன், எழுதினால் வரிசையாக வரும் என்று நினைத்தேன்.

வேலை பழகிய கதையை நீட்ட விரும்பவில்லை. ஐந்தாம் படிவம் முடித்தேன், ஒரு டிப்ளோமா வாங்கினேன், கழகத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கிளேபாங், தஞ்சோங் கிளிங் பக்கம் கடலோர வடிகால்களில் போட்டார்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் லொங்காங் தண்ணீர் கடலுக்குப் போகாமல் திரும்பி ரோட்டுக்கு வரும். தண்ணீர் கீழேதான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அங்கேதான் மறந்தேன். பிறகு உள்பக்கம் மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்த பொறியாளர் ஜமால் சார்.

மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் 'சேகர்' என்பது 'மிஸ்டர் சேகர்' ஆகும், அவ்வளவுதான். அந்த 'மிஸ்டர்' காதில் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மழை ஆரம்பித்தால் எல்லா அதிகாரிகளும் ஆபீசுக்குள் ஓடுவார்கள். இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். "மழை பெய்யுறப்ப உள்ள உக்காந்திருக்கிற வடிகால்காரன், தாலி கட்டுற நேரத்துல தூங்குற மாப்பிள்ளை மாதிரி" என்பார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் போகும் பக்கமெல்லாம் பின்னாலேயே நடப்பார்.

வெள்ளம் வடிந்த வீட்டில் அவர் செய்வது ஒரு சடங்கு மாதிரி இருக்கும். வீட்டுக்காரர்கள் துடைத்துக் கழுவுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். சுவரில் சேறு ஒரு கோடு விட்டிருக்கும். நான் இரும்பு டேப்பின் நுனியைத் தரையில் பிடிக்க, அவர் குனிந்து கோட்டைப் படிப்பார். பிறகு இடம் மாறுவோம். அவர் பிடிக்க நான் படிப்பேன். இரண்டும் ஒத்து வந்தால்தான் பென்சிலால் எழுதுவார். பேனா மழையில் ஒழுகிவிடும். மூன்று சுவரிலாவது அளக்காமல் விடமாட்டார். கடைசியில் வீட்டு அம்மாவிடம் எப்போதும் ஒரே கேள்வி கேட்பார்: "தண்ணி முதல்ல எங்கேர்ந்து வந்துச்சு, முன்வாசல்லேர்ந்தா, பாத்ரூம் குழியிலேர்ந்தா?" அந்தப் பதிலை வைத்து எந்த லொங்காங் நிரம்பியது, எது அடைத்தது என்று சொல்லிவிடுவார். சனங்கள் அழுதுகொண்டிருக்கும்போது இவர் டேப்பை நீட்டுகிறாரே என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகுதான் புரிந்தது, அடுத்த தடவை அவர்கள் அழாமல் இருக்கத்தான் அந்த டேப்.

குழித் திடல் அவர் யோசனை. பெம்பானிலிருந்து உள்ளே போகும் சாலையில், மூடிய ரப்பர் தோட்டத்துச் சனங்களைக் குடிவைத்த ஒரு தாமான் குடியிருப்பு இருக்கிறது. கோயிலும் அவர்களோடு அங்கே வந்துவிட்டது. தாமானின் மேட்டுப் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்வாசல் புல்லைத் தோண்டி சிமெண்ட் போட்டார்கள், கார் நிறுத்த கூரை போட்டார்கள். மண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் பெரிய லொங்காங்குக்கு வந்தது. மழையும் முன்பு மாதிரி இல்லை. ஒரு வாரம் பெய்ய வேண்டியது ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. லொங்காங் நிரம்பினால் தண்ணீர் போய்ச் சேரும் இடம் தாமானின் தாழ்ந்த மூலையில் இருக்கும் கடைசி லோரோங். பதினான்கு வீடுகள் உள்ள சந்து.

லொங்காங்கைப் பெரிதாக்கப் பணமும் இல்லை, இடமும் இல்லை. நடுவில் ஒரு விளையாட்டுத் திடல் இருந்தது. ஜமால் சார் அதை இடுப்பளவு தோண்டச் சொன்னார். சுற்றிலும் மூன்று படி, உட்கார்ந்து பந்தாட்டம் பார்க்கலாம். மேட்டில் நடைபாதை, நிழலுக்கு மரங்கள். லொங்காங் சுவரில் ஒரு இடத்தை மட்டும் தாழ்த்தி வாய் வைத்தார். லொங்காங் நிரம்பினால் மிச்சம் அந்த வாய் வழியே திடலுக்குள் இறங்கும். மழை நின்ற பிறகு மறுபக்கம் ஒரு சின்னக் குழாய் வழியே அரை நாளில் மெதுவாக வடியும். வருடத்தில் சில நாள் குளம், மற்ற நாளெல்லாம் திடல். துப்புரவு வேலைக்காக வாயை மூட வேண்டியிருந்தால் இறக்குவதற்கு ஆறு பலகைகள் கழகத்து ஸ்டோரில் இருந்தன. விண்ணப்பப் பாரம் எழுதி, பொறியாளர் கையெழுத்து வாங்கித்தான் அவற்றை எடுக்க முடியும்.

கடைசி லோரோங் அதன்பிறகு நனையவில்லை. ஆனால் நனையாத வீட்டுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சேறான திடலுக்குத்தான் திட்டு விழும். நானும் அதே தாமானில்தான் குடியிருக்கிறேன். என் சனமே என்னைக் 'குழி தோண்டுன ஆபீசர்' என்று கூப்பிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அம்மன் திருவிழாவின் மூன்றாம் நாள், அம்மன் தாமானைச் சுற்றி வந்து திடல் நடுவில் இறங்குவாள். அங்கே பூசை, பிறகு அன்னதானம். ஒரு வருடம் சரியாக அந்த நேரத்தில் மழை கொட்டி, லொங்காங் தண்ணீர் திடலுக்குள் வந்துவிட்டது. அம்மன் பல்லக்கின் காலடியில் யாரோ வீசிய பேம்பர்ஸ் ஒன்று மிதந்து வந்து நின்றது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் பார்த்தேன். எனக்கும் உடம்பெல்லாம் கூசிப்போனது, பொய் சொல்லவில்லை.

மறுவருடம் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கூட்டம். வாயைப் பலகை போட்டு மூன்று நாள் மூட வேண்டும் என்று தலைவர் பச்சையப்பன் கேட்கப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியும். ஜமால் சாரிடம் சொன்னேன்.

"பாரம் வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன், சேகர்" என்றார். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "ஆனா கோயில் விசயத்துல நான் வந்து வேணாம்னு நின்னா, அது வேற மாதிரி பேச்சாயிடும். நீங்க அவங்க ஆளு. நீங்க போய் முடியாதுன்னு சொல்லுங்க."

சரி சார் என்று போனவன் நான். கோயில் மண்டபத்தில் பச்சையப்பன் எழுந்தார்.

"நம்ம தாய் நிக்கிற எடத்துக்கு சாக்கடைத் தண்ணி வரலாமா? மூணே நாளு. பலகை போடணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

எனக்குத் தெரிந்த முகங்களெல்லாம், முன்வரிசையில் ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். பின்னால் பெண்கள் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சையப்பன் என்னைப் பார்த்தார்.

"சேகரு, ஒன் கையிலதான் இருக்கு. நீ நம்ம புள்ள."

அந்த 'நம்ம புள்ள'யில் நான் விழுந்தேன். குழி தோண்டின ஆபீசர் என்ற பெயர் ஒரே வார்த்தையில் போய்விடும் போலிருந்தது. மழைக்காலம் இல்லை, மூன்று நாள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவரிடமும் ஒன்றும் ஆகாது என்றேன். பாரம் எழுதவில்லை. ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருந்தது. ஆறு பலகைகளையும் நானே கொண்டுபோய், நானே இறக்கி, இடுக்கில் களிமண்ணும் அப்பினேன். ஜமால் சாரிடம் "பேசிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னேன். அவரும் மேலே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது. மூன்றரைக்குப் பிடித்துக்கொண்டது பாருங்கள், எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மழை. திடலில் பத்துப் பன்னிரண்டு கெமா போட்டிருந்தார்கள். அந்தக் கூடாரங்களுக்குள் சனம் நெருக்கியடித்து நின்றது. நடுவில் அம்மன். ஓரத்தில் சமையல் கெமா. ஜெனரேட்டர் வயர்கள் புல்மேல் ஓடிக்கொண்டிருந்தன.

கெமாவுக்கு வெளியே புல் நனைந்ததோடு சரி. உள்ளே மண் காய்ந்து கிடந்தது.

"பார்த்தியா சேகரு! ஒரு சொட்டு உள்ள வரல. ஆத்தா மனசு வச்சிட்டா லா!" என்று பச்சையப்பன் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

கும்பிட்ட கையோடு கீழே பார்த்தேன். அரை மணி நேரமாக இந்த மழை. என் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டிய இடம் இது. என் செருப்புகூட நனையவில்லை. இங்கே வராத தண்ணீர் எங்கே போயிருக்கும்?

பொன்னாடையோடு படியேறி ஓடினேன். லொங்காங் விளிம்பு தட்டி ஓடிக்கொண்டிருந்தது. பலகைகளின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் உறுமியது. அதற்கு அப்பால் கடைசி லோரோங் பக்கம் ரோடு தெரியவில்லை. காப்பி நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. வாசல் கேட்டுகளின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. பதினான்கு வீட்டுச் சனமும் திருவிழாவில்தான் இருக்கிறது, வீடுகள் காலி என்று மனம் சமாதானம் தேடியது. உடனே முனியாண்டி அண்ணன் நினைவுக்கு வந்தார்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. புரண்டு விழுந்துவிடுவார் என்று அவர் மனைவி சரோஜா அக்கா கட்டிலை எடுத்துவிட்டு, மெத்தையைத் தரையில் போட்டு வைத்திருந்தார்.

சமையல் கெமாவுக்கு ஓடினேன். அக்கா சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார்.

"அக்கா, அண்ணன் எங்க?"

"வீட்டுலதான். கிரில்லப் பூட்டிட்டு வந்தேன். தூங்குறாரு. ஏன் தம்பி?"

என் முகமே சொல்லிவிட்டது. அக்கா முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. பக்கத்து வீட்டு ராஜு பல்லால் கடித்து அவிழ்த்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். அண்ணன் நல்ல கனம். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் வர முடியாது. தண்ணீர் இறங்கியாக வேண்டும். அதற்கு ஒரே வழி பலகை.

ஆனால் பலகையை உடனே எடுக்கவும் முடியாது. திடலில் முந்நூறு பேருக்குக் குறையாது. புல்மேல் கரண்டு வயர். தண்ணீர் உள்ளே வந்தால் அத்தனை பேருக்கும் கரண்டு அடிக்கும். முதலில் ஜெனரேட்டரை நிறுத்தினேன். பாட்டு நின்றது, விளக்கு நின்றது. பச்சையப்பன் கோபமாக வந்தார்.

"தலைவரே, எல்லாரும் மேட்டுக்கு ஏறணும். அம்மனையும் தூக்கணும். பலகையை எடுக்கப் போறேன்."

"பைத்தியமா ஒனக்கு? பூசை பாதியில நிக்குது. எறக்கி வச்ச சாமிய நடுவுல தூக்கக் கூடாது. பத்து நிமிசம் பொறு."

"கடைசி லோரோங் முங்குது தலைவரே. முனியாண்டி அண்ணன் உள்ள இருக்காரு."

"நீதானே பலகை போட்ட? நீதானே ஒண்ணும் ஆவாதுன்னு சொன்ன?"

சுற்றி நின்றவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பல்லக்கைத் தூக்கும் இளைஞர்கள் தலைவர் வாயைப் பார்த்து நின்றார்கள்.

அப்போது சரோஜா அக்கா கரண்டியைக் கீழே போட்டார். நேராக அம்மன் முன்னால் போனார். எங்கள் கோயிலில் பெண்கள் பல்லக்கைத் தொடுவதில்லை. அக்கா குனிந்து, முன் தண்டின் கீழே தோளைக் கொடுத்தார்.

"எந்திரி தாயே. எம்புருசன் தண்ணிக்குள்ள கெடக்காரு."

அறுபது வயது அம்மா. தண்டு ஒரு விரற்கடைகூட அசையவில்லை. ஆனால் அந்தத் தோளை அங்கே பார்த்த பிறகு யாராலும் சும்மா நிற்க முடியவில்லை. எட்டுப் பேர் பாய்ந்து வந்தார்கள். அம்மன் படியேறி நடைபாதைக்குப் போனாள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறியது. பச்சையப்பன்தான் கடைசியாக, ஒரு நடக்க முடியாத கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பலகையை எடுப்பது போடுவது மாதிரி இல்லை. தண்ணீர் அழுத்தத்தில் காடிக்குள் இறுகிப்போயிருந்தது. மேல் பலகையின் ஒரு முனையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும், மறுமுனையை ஒருவர் இழுக்க வேண்டும். ஒரு பக்கமாக ஏறினால் சிக்கிக்கொள்ளும். முதல் பலகைக்கே அத்தனை நேரம் பிடித்தது. இரண்டாவதை எடுத்ததும் தண்ணீர் திடலுக்குள் குதித்தது. மூன்றாவது தானாகவே பிடுங்கிக்கொண்டு போனது. அண்டா, நாற்காலி, வாழை இலை எல்லாம் மிதந்தன.

ராஜு கிரில்லைத் திறந்து உள்ளே போனபோது, அண்ணன் நல்லாயிருந்த இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கழுத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் வாயைத் தொட்டுத் தொட்டுப் போனதாம். ராஜு அவரை மார்போடு அணைத்துத் தூக்கி, சுவரில் முதுகைச் சாய்த்து, தண்ணீர் இறங்கும்வரை அப்படியே நின்றிருக்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்திருந்தது. அண்ணனை இறக்கி வைக்க அவன் கைகள் விரிய மறுத்தன.

மறுநாள் காலையில் ஜமால் சார் முனியாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். அக்கா அண்ணனோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். ராஜுதான் கதவைத் திறந்துவிட்டான். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் டேப்பை எடுத்தார். மெத்தை கிடந்த இடத்தில் நுனியைப் பிடித்தேன். அவர் படித்தார். இடம் மாறினோம். நான் படித்தேன். என் முட்டிக்கு மேலே இருந்தது கோடு. நிற்கிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை.

"பலகை போட்டது எத்தனை மணிக்கு, மிஸ்டர் சேகர்?"

அறிக்கையை அவரே எழுதினார். 'எழுத்து அனுமதி இல்லாமல், தொழில்நுட்பர் சேகர் வாய்மொழியாகச் சம்மதித்துப் பலகை இறக்கினார்' என்று இருந்தது. அதை எனக்குப் படித்துக் காட்டினார். சரியா என்று கேட்டார். சரி என்றேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். 'மறுக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. அதைக் கீழே உள்ளவரிடம் தள்ளிவிட்டேன். மூடக்கூடிய வாயை வடிவமைத்ததும் நான்தான்.' இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"கதவு வச்சா யாராவது ஒருத்தர் மூடுவாங்க, சேகர். கெட்ட எண்ணத்துல இல்ல, நல்ல மனசோட மூடுவாங்க" என்றார். அந்த வாரமே காடியில் சிமெண்ட் போடச் சொன்னார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. அது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

முனியாண்டி அண்ணன் பன்னிரண்டாம் நாள் இறந்தார். நுரையீரலில் கிருமி என்றார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னாராம். யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அதைச் சேர்த்துப் பேசவில்லை. நான் மட்டும் சேர்த்துக்கொண்டேன். சாவு வீட்டில் சரோஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் பலகைய எடுக்கலைன்னா அன்னிக்கே போயிருப்பாரு தம்பி" என்றார். நான் தலையை ஆட்டினேன். யார் போட்ட பலகை என்று சொல்ல வாய் வரவில்லை. கோயில் கூட்டத்தில் அக்காவை நான் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியிலும் பலகைப் பேச்சு வரவில்லை, பச்சையப்பன் என்னிடம் கத்தியபோது அக்கா சமையல் கெமா பக்கம் நின்றதால் காதில் விழுந்திருக்காது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் ஏழு வருடம் அவர் வீட்டு வாசலைக் கடந்து போனேன்.

அதற்குப் பிறகு தாமான் மாறியது உண்மை. அம்மன் இப்போது மேட்டில், மரத்தடி மேடையில் இறங்குகிறாள். கெமாவெல்லாம் நடைபாதையில். காலையில் நடக்கப் போகும் பெண்கள் வாயில் சிக்கிய குப்பையைக் குச்சியால் இழுத்துப் போடுகிறார்கள். அடைத்திருந்தால் கழகத்துக்குப் போன் போட்டு உண்டு இல்லை என்று ஆக்குகிறார்கள். மழை வந்தால் திடல் முதலில் தண்ணீருக்கு, அப்புறம்தான் நமக்கு என்று ஒரு பேச்சு வழக்கமே வந்துவிட்டது. எத்தனையோ தடவை கோல் கம்பம் பாதி முங்கியிருக்கிறது. கடைசி லோரோங் நனையவில்லை. இருந்தும் வானம் கறுத்தால் நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். உள்ளே தண்ணீர் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் மூச்சு வரும். பைத்தியக்காரத்தனம் என்கிறாள் மனைவி. இருக்கலாம்.

இப்போது புதிதாகக் குடிவந்தவர்கள் திடலில் செயற்கைப் புல் விரிக்கக் கேட்கிறார்கள். புல் நனைந்தால் கெட்டுவிடும். அதனால்தான் கேட். கவிதா கெட்டிக்காரப் பெண். மழை அதிகமானால் கேட் தானாகத் திறக்கும் என்கிறார். ஆனால் இறுதி ஆட்டம் பாதியில் நிற்கும்போது, போன் கையில் உள்ளவரிடம் பத்து நிமிடம் பொறுங்கள் என்று ஒரு தலைவர் சொல்வார். நான் பலகை போட்டபோது நடைபாதையில் போகிறவர்களாவது அதைப் பார்க்க முடிந்தது. போனில் மூடினால் யாருக்குத் தெரியும்?

நேற்று மதியம் சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி, பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொடுத்தார். எழுதி வைத்திருந்த தாள்கள் சட்டைப் பையில் இருந்தன. எடுக்கவில்லை. எடுத்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று தெரிந்தது. நேராகவே சொல்லிவிட்டேன். பலகை போட்டது நான், பாரம் எழுதாமல் போட்டேன், பாராட்டுக்கு ஆசைப்பட்டுப் போட்டேன் என்று.

அக்கா கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"தெரியும் தம்பி."

"எப்படிக்கா?"

"கூட்டத்துல நான் இருந்தேன்லா. பொம்பளைங்க பக்கம், செவுத்தோரமா."

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"கை தூக்குனவங்கள்ல நானும் ஒருத்திதான். எங்க வீடுதான் பள்ளத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தண்ணி எங்கிட்டு வரும்னு தெரியாதா? அத்தன பேரு சாமிக்குன்னு கை தூக்குறப்ப, எங்க வீடு முங்கிப்போவும்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மூணு நாளு தானேன்னு தூக்கிட்டேன். அவுருகிட்டகூட நான் சொல்லல. பன்னெண்டு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தேன், சொல்லல."

நான் அவர் மன்னிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவன். அவரும் ஏழு வருடமாக அதே கல்லைச் சுமந்துகொண்டு, நான் கடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். தேநீர் ஆறிப்போனது.

நான் எழுந்தபோது அவரும் கூடவே எழுந்தார்.

"அந்த வாய்க்கு ஏதோ கேட்டு மாட்டப் போறாங்களாமே, போன்ல மூடுறாப்புல?"

"ஆமாக்கா. நாளைக்குக் கூட்டத்துல பேசி முடிவெடுப்பாங்க."

"கை தூக்கச் சொல்வாங்களா?"

"சொல்வாங்க."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல நான் பேசணும். அதுக்கப்புறம் யாரு வேணாலும் தூக்கட்டும். கூட்டம் எத்தன மணிக்கு?"